சக்க மாவும் பேப்பர் செய்தியும்: எங்க ஸ்டுடியோ வேலை ஒண்ணு செய்தியான கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மார்த்தாண்டம் மேம்பாலத்த ஒட்டி ஒரு மாடியில எங்க ஸ்டுடியோ இருக்கு. மூணு பேர். வருமானத்துல பாதிக்கு மேல சர்ச் திருவிழா நோட்டீஸ், கல்யாண கார்டு, கடை போர்டு இதுலதான் வருது, மிச்சம் லேபிளும் பாக்கெட் டிசைனும். கேரள எல்லைல இருக்கற களியக்காவிளை கூப்புடு தூரத்துல இருக்கறதால எந்த வேலைய எடுத்தாலும் தமிழும் மலையாளமும் சேர்ந்தே செய்யணும். எங்ககிட்ட லேபிள் அடிக்கிறவங்க சரக்கு பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி திருவனந்தபுரத்துல சாலைங்கற மார்க்கெட் வரைக்கும் போகும்.

போன வருஷம் மாசி மாசம் அருமனை பக்கத்துல இருந்து ஒரு மகளிர் குழு வந்தாங்க. 11 பேர். சக்க வறுவலும், பச்ச சக்கைய காயவச்சு பொடிச்ச மாவும் செய்றாங்க. மத்த ஊர்க்காரங்க பலான்னு சொல்றததான் நாங்க இங்க சக்கன்னு சொல்றோம். தமிழ்நாட்டுக்கும் இதுதான் மாநிலப் பழம், கேரளாவும் 2018 மார்ச்சுல இதையே மாநிலப் பழமா அறிவிச்சுச்சு. ஆனா எங்க ஊர்ல சீசன்ல விளைல, அதாவது தோட்டத்துல, கீழ விழுந்து அழுகிப் போறதுதான் அதிகம், அத காசாக்கலாம்னு குழுத் தலைவி அக்காவுக்கு தோணியிருக்கு. அதுவரைக்கும் சாதா பிளாஸ்டிக் கவர்ல மெழுகுவர்த்தி வச்சு ஒட்டி வித்துக்கிட்டு இருந்தாங்க.

வேலைய பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா பின்னால நடந்தது புரியணும்னா இது தெரியணும். பழுத்த சக்கைல மாவு வராது. விளைஞ்சு, பழுக்கறதுக்கு முன்னாடி இறக்கணும். கைலயும் கத்திலயும் தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு வெட்டணும், இல்லன்னா பிசின் ஒட்டி கை விரிய மாட்டேங்கும். சுளை எடுத்து, கொட்டைய நீக்கி, மெலிசா சீவி, வெயில்லயோ டிரையர்லயோ சத்தம் வர்ற வரைக்கும் காயணும். அவங்க கணக்குல 10 கிலோ சக்கைக்கு முக்கால் கிலோ மாவு கிடைச்சா பெருசு. அவங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு சின்ன டிரையர்.

நாங்க செஞ்ச வேலை

18,000 ரூபாய்க்கு பேசி ரெண்டு பாக்கெட், ஒரு லேபிள், ஒரு போர்டு செஞ்சு குடுத்தோம். பாதியா வெட்டுன சக்கய கைல வரைஞ்சு, அதோட முள்ளு தோலையே பாக்கெட் சுத்தி பார்டரா ஓட விட்டோம். தமிழ் பேரு ஒரு பக்கம், மலையாளம் மறு பக்கம். சட்டப்படி போட வேண்டியது எல்லாம் போட்டோம்: உணவு பாதுகாப்புக்கான 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், சைவம்னு காட்டுற பச்ச புள்ளி, எடை, எம்ஆர்பி, பேக் பண்ண மாசம், முகவரி, புகாருக்கு கூப்பிட நம்பர். அந்த நம்பரா அக்காவோட சொந்த செல் நம்பரையே போட்டோம். அப்ப அது ஒரு முடிவாவே எங்களுக்கு தோணல, குழுவுக்கு வேற நம்பர் இல்ல, அவ்வளவுதான்.

பாக்கெட் சித்திரை கடைசில வந்துச்சு. நல்லா வந்துச்சு, இப்பவும் அத எடுத்து பாத்தா எனக்கு சந்தோஷமா இருக்கும்.

பேப்பருக்கு குடுத்த ஒரு பக்கம்

எங்க டேபிளுக்கு அடிக்கடி வர்ற ஒரு நிருபர் அண்ணன் இருக்கார், ஒரு தமிழ் நாளிதழுக்கு பகுதி நேரமா எழுதுறவர். பாக்கெட்ட பாத்துட்டு, இத செய்தியா போடலாமே, ஒரு பக்கம் எழுதி குடுன்னார். அக்காகிட்ட போன்ல கேட்டேன், போடுங்கன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே நான் உக்காந்து எழுதுனேன். அக்காவுக்கு வாசிச்சு காட்டல. அதுதான் முதல் தப்பு, அத நான்தான் செஞ்சேன்.

எழுதுனதுல ஒரு வரி, சர்க்கரை உள்ளவங்க அரிசிக்கு பதிலா இத சேர்த்துக்கிட்டா நல்லதுன்னு. இத நான் புதுசா கண்டுபிடிக்கல, கேரளாவுல பச்ச சக்க மாவ இப்படி சொல்லித்தான் நிறைய பேர் விக்கிறாங்க. ஸ்ரீகாகுளத்துல 40 பேர வச்சு 12 வாரம் நடந்த ஆய்வு ஒண்ணு 2021-ல வெளியாச்சு, தினம் 30 கிராம் பச்ச சக்க மாவு குடுத்ததுல சர்க்கரை அளவு குறைஞ்சதா அதுல இருக்கு. ஆனா அந்த 40 பேரும் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இருந்தவங்க, மாவு அதோட கூடத்தான் குடுத்தாங்க. இதையெல்லாம் நான் படிச்சது பிற்பாடு. எழுதுற அன்னைக்கு, வாசிக்கிறவங்களுக்கு புடிக்கும்னு ஒரு வரி சேத்தேன்.

ரெண்டாவது, போட்டோ. அவசரத்துல பாக்கெட்ட கைல பிடிச்சுக்கிட்டு நானும் என் கூட்டாளியும் ஸ்டுடியோவுல நிக்கிற படம் ஒண்ணு, குழு அக்காமார் பத்து பேர் வரிசையா நிக்கிற படம் ஒண்ணு, ரெண்டையும் அனுப்புனோம். சக்க வெட்டுற படமே எங்ககிட்ட இல்ல, எடுக்கல.

லோக்கல் பக்கம் எப்படி ஓடுதுன்னு தெரியாதவங்களுக்கு: தாலுகாவுல இருக்கற நிருபர் மேட்டர அனுப்புவார், அதோட அவர் வேலை முடிஞ்சுது. தலைப்பு வைக்கிறதும், வரிய வெட்டுறதும், எந்தப் படம் போகணும்னு எடுக்கறதும் ஆபீஸ்ல டெஸ்க்ல இருக்கறவங்க. அவங்க இந்த குழுவ பாத்ததே கிடையாது, அவங்க கைல இருக்கறது நாம எழுதிக் குடுத்த அந்த ஒரு பக்கம்தான். பக்கத்துல இடம் இருக்கற அன்னைக்குத்தான் செய்தி போகும். எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு.

செய்தி வந்த நாள்

ஜூன் ரெண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. எடவப்பாதின்னு நாங்க சொல்ற தென்மேற்குப் பருவ மழை பிடிச்சு பத்து நாள் ஆயிருந்துச்சு. மேட்டர் குடுத்த அன்னைக்கு குழுகிட்ட 200 பாக்கெட் மாவு இருந்துச்சு, செய்தி வந்த அன்னைக்கு இருந்தது 34. மழைல காயவைக்க வழியில்ல, மரத்துல இருக்கற சக்கயும் பழுக்க ஆரம்பிச்சாச்சு.

காலைல டீக்கடையில பேப்பர பிரிச்சதும் எனக்கு பெருமையா இருந்துச்சு, மறைக்க விரும்பல. நாங்க ரெண்டு பேரும் படத்துல நடுவுல இருந்தோம். அக்காமார் படம் வரல. மாவ நாங்க ‘உருவாக்கியதா’ எழுதியிருந்துச்சு. தலைப்பு, சர்க்கரை நோய இது விரட்டும்ங்கற அர்த்தத்துல இருந்துச்சு. கீழ அக்காவோட செல் நம்பர்.

ஆறரைக்கு அக்கா போன்ல. குரல் நடுங்குச்சு. அதுக்குள்ள முப்பது கால் வந்திருக்கு, அதுல ஒருத்தர், குலசேகரம் பக்கம், வயசானவர், ஊசி போட்டுக்கிறவர், மாவு எத்தனை நாளைக்கு சாப்பிட்டா ஊசிய நிறுத்தலாம்னு கேட்டிருக்கார். “நான் என்ன சொல்லட்டு மக்கா, நான் டாக்டரா, அந்த மனுசன் நிறுத்திற்றாருன்னா?”ன்னு கேட்டாங்க. எனக்கு கைல இருந்த டீ இறங்கல. வண்டிய எடுத்துக்கிட்டு நேரா அருமனைக்கு போனோம்.

அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் 140-க்கு மேல கால். கால் பண்ணி கிடைக்காதவங்க ஜிபேல பணமே போட்டுட்டாங்க, கேக்காமலே. ராத்திரி எண்ணுனப்போ 83 பேர்.

அடுத்த நாலு நாள், எடுத்த முடிவுகள்

முதல் முடிவு போன்ல என்ன சொல்றதுன்னு. அக்கா வீட்டுத் திண்ணைல உக்காந்து ஒரு நோட்டுல பெருசா எழுதினோம்: இது சாப்பாட்டுப் பொருள், மருந்து இல்ல, மாத்திரையோ ஊசியோ நிறுத்தக் கூடாது, டாக்டர கேட்டுட்டுத்தான் எதையும் மாத்தணும், இப்ப மாவு ஸ்டாக் இல்ல. யார் போன எடுத்தாலும் இததான் வாசிக்கணும், வேற பேசக் கூடாது. குலசேகரம் பெரியவருக்கு நாங்களே திரும்ப கூப்பிட்டோம். அவர் மகன் எடுத்தார், ஊசி நிறுத்தலன்னார். அதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு சாப்பாடே இறங்குச்சு.

ரெண்டாவது பணம். குழுவுல ரெண்டு பேர், இருக்கட்டும் அடுத்த சீசனுக்கு அனுப்பலாம்னாங்க, டிரையர் வாங்க அந்த காசு உதவும்னு அவங்களுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. அக்கா ஒத்துக்கல. தப்பான நம்பிக்கைல வந்த பணம், கைல வச்சிருக்க வேண்டாம்னாங்க. எங்களுக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. 83 பேருக்கும் திருப்பி அனுப்புனோம், பேரும் நம்பரும் பொருந்தாம நாலு நாள் ஆச்சு, ஆறு பேர கண்டுபிடிக்க ஒவ்வொருத்தரா கூப்பிட வேண்டி வந்துச்சு.

மூணாவது, பேப்பருக்கு திருத்தம். நிருபர் அண்ணன் வருத்தப்பட்டார், தலைப்பு அவர் வச்சது இல்ல, அது உண்மைதான். அவர் மேல பழி போட்டு வழக்கு பேசுறதுல பிரயோஜனம் இல்ல, ஏன்னா விதை என் வரிலதான் இருந்துச்சு. ஒவ்வொரு பேப்பர்லயும் ஆசிரியர், வெளியிடுறவர், அச்சடிக்கிறவர் பேரு முகவரியோட அச்சாகியிருக்கும், பெரும்பாலும் கடைசி பக்கத்து அடியில. அந்த முகவரிக்கு ரெஜிஸ்டர் தபால்லயும் மெயில்லயும் ஒரு லெட்டர் போட்டோம். மூணே விஷயம்: பொருள் குழுவோடது, டிசைன் மட்டும்தான் எங்களோடது, இது எந்த நோய்க்கும் மருந்து இல்ல. ஒன்பதாம் நாள் உள் பக்கத்துல நாலு வரில வந்துச்சு. செய்தி பாத்தவங்கள்ல பத்துல ஒருத்தர் அத பாத்திருப்பாங்களான்னு சந்தேகம். ஆனாலும் அந்த நாலு வரி பின்னால எங்களுக்கு உதவுச்சு.

கடையில ஒட்டுன கட்டிங்

இது நாங்க எதிர்பாக்காதது. மார்த்தாண்டத்துல சரக்கு வச்சிருந்த ஒரு கடைக்காரர் நல்ல எண்ணத்துல பேப்பர் கட்டிங்க ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் பண்ணி, பாக்கெட் அடுக்கியிருந்த தட்டுக்கு மேல தொங்க விட்டிருந்தார். ரெண்டு வாரம் கழிச்சு உணவு பாதுகாப்பு அலுவலர் வழக்கமான சோதனைக்கு வந்தப்போ அத பாத்துட்டு குழுவ கூப்பிட்டு விட்டார்.

அவர் பொறுமையா விளக்குனது இதுதான். பேப்பர் தன் பக்கத்துல எழுதுறது செய்தி. அதே தாள கடைல பொருள் பக்கத்துல தொங்கவிட்டா அது விளம்பரம். உணவுப் பொருள் நோய குணப்படுத்தும்னு விளம்பரம் பண்ண 2018-ல வந்த விளம்பர விதிகள்படி அனுமதி இல்ல. உணவு பாதுகாப்பு சட்டம் 2006-ல பிரிவு 53 தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் சொல்லுது. சர்க்கரை நோய் 1954-ல வந்த மாய மருந்து விளம்பர தடைச் சட்டத்தோட பட்டியல்லயும் இருக்கு. லேபிள்ல அப்படி எதுவும் இல்லாததையும், நாங்க அனுப்புன திருத்த லெட்டரையும், வந்த நாலு வரியையும் பாத்துட்டு, கட்டிங்க எடுக்கச் சொல்லி எழுத்துல அறிவுரை குடுத்தார். அபராதம் இல்ல.

10 லட்சம்ங்கற எண்ண கேட்டப்போ அக்காமார் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டது இன்னும் கண்ணுல நிக்குது. அன்னைக்கே நாங்க எங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பேஸ்புக் பக்கம், ஆபீஸ் சுவர் எல்லாத்துல இருந்தும் அந்த கட்டிங்க எடுத்தோம்.

அக்கா சொன்னது

பணம் திருப்பி குடுத்து முடிச்ச அன்னைக்கு, சாயா குடிச்சுக்கிட்டு இருக்கும்போது, ரொம்ப சாதாரணமாத்தான் சொன்னாங்க: “எல்லாம் செரி. பேப்பர்ல நம்ம கைய காணல்லியே மக்கா.”

அவங்க கைய பாத்தேன். விரல் இடுக்குல, நகத்துக்கு உள்ள, சக்கப் பிசின் கறுப்பா ஏறியிருந்துச்சு, எண்ணெய் தேச்சாலும் போகாத கறை. வலது ஆள்காட்டி விரல்ல கத்தி பட்ட தழும்பு. பதினொரு பேரும் விடிகாலைல இருந்து அத செஞ்சிருக்காங்க, பேப்பர்ல வந்தது வெள்ளச் சட்ட போட்ட நாங்க ரெண்டு பேர். கால் வந்ததும், பணம் போனதும், அலுவலர் கூப்பிட்டதும் அவங்களுக்கு. எங்களுக்கு வந்தது புது கிளையண்ட் மூணு பேர். மூணு பேரும் முதல்ல கேட்டது, நம்ம செய்தியும் பேப்பர்ல வருமான்னுதான். அத எங்களால உறுதி சொல்ல முடியாதுன்னு சொன்னோம், ஒருத்தர் திரும்பி வரல.

இந்த நிகழ்வுல சட்டத்த விட, பணத்த விட, எனக்கு கனமா பட்டது இதுதான். கிளையண்ட் வேலை செய்தியாச்சுன்னா ஸ்டுடியோவுக்கு அது பெருமை, ஆனா அதுல எழுதுற ஒவ்வொரு வரியையும் தலைல சுமக்கப் போறது கிளையண்ட்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து பேப்பர்

அந்த செய்திய பாத்து ஜூன் கடைசில ஒரு மலையாள நாளிதழ் நிருபர் அக்காவுக்கு கூப்பிட்டார், அவங்க பேப்பர்ல வர்ற திருவனந்தபுரம் பக்கத்துக்கு எழுதணும்னு. இங்க பேப்பர் ரெண்டு மொழிலயும் ஓடுறது பழைய விஷயம். தினமலரே 1951-ல திருவனந்தபுரத்துலதான் தொடங்குச்சு, 1956 நவம்பர் 1-ல விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோட சேந்த பிறகு 1957-ல திருநெல்வேலிக்கு போச்சு. இன்னைக்கும் களியக்காவிளை டீக்கடைல ரெண்டு மொழி பேப்பரும் ஒரே பெஞ்சுல கிடக்கும். ஆனா குமரி பக்கத்துல வர்ற செய்தி பாறசாலைல யாரும் பாக்க மாட்டாங்க, திருவனந்தபுரம் பக்கத்துல வர்றது இங்க பாதி பேருக்கு தெரியாது. குழுவோட வியாபாரம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அப்ப உண்மையா தேவைப்பட்ட செய்தி இந்த ரெண்டாவதுதான், நாங்க முதல்லயே அத யோசிச்சிருக்கணும்.

இந்த தடவ நாங்க எதையும் தீர்மானிக்கல. குழு கூட்டம் போட்டாங்க, பதினொரு பேரும். நாலு பேர் பேப்பரே வேண்டாம்னாங்க, பட்டது போதும்னு. ஒரு மணி நேரம் பேசி வந்த முடிவு: செய்தி வரட்டும், ஆனா இப்ப இல்ல, சரக்கு இருக்கும்போது. நிருபர்கிட்ட மாசில வாங்கன்னு அக்காவே சொன்னாங்க. மாசிக்குள்ள அவர் மறந்துடுவார், சூடு ஆறிடும்னு நான் பயந்தேன், சொல்லவும் செஞ்சேன். “வரலைன்னா வரண்டாம்”னு முடிச்சுட்டாங்க.

இந்த வருஷம் தை கடைசில அக்கா அந்த நிருபருக்கு போன் பண்ணாங்க, மாசில அவர் வந்தார். அதுக்குள்ள செஞ்சது: குழு பேர்ல தனி சிம், போன எடுக்க முறை வச்சு ரெண்டு பேர். ரெண்டாவது டிரையர், கடன்லதான். 300 பாக்கெட் ஸ்டாக். பாறசாலைல இருந்து கல்யாணம் ஆகி வந்த ஒரு குழு உறுப்பினர் மலையாளத்துல ஒரு பக்கக் குறிப்ப அவங்களே எழுதுனாங்க, அத கூட்டத்துல சத்தமா வாசிச்சு, ரெண்டு வரி வெட்டி, அப்புறம்தான் குடுத்தாங்க. அதுல சர்க்கரைங்கற வார்த்தையே இல்ல. புட்டுக்கும் தோசைக்கும் எவ்வளவு மாவு சேக்கணும், அரை கிலோ 220 ரூபாய், எந்தெந்த கடைல கிடைக்கும், அவ்வளவுதான். படத்துக்கு நாங்க போய் ஒரு காலைப் பொழுது முழுசா உக்காந்து எடுத்தோம், எண்ணெய் மினுங்குற கைகள் சுளை எடுக்கற படம்.

என்ன ஆச்சு

அந்தப் படம்தான் வந்துச்சு, முக்கால் பக்க அகலத்துக்கு. எங்க பேரு கடைசி வரில, பாக்கெட் வடிவமைப்புன்னு. கால் அறுபது சொச்சம், முதல் தடவைல பாதி கூட இல்ல, ஆனா கூப்பிட்டவங்க பாதிக்கு மேல கடைக்காரங்க. நெய்யாற்றின்கரைல ஒண்ணு, சாலை மார்க்கெட்ல ஒண்ணு, ரெண்டு கடை இப்பவும் மாசா மாசம் எடுக்கறாங்க. 300 பாக்கெட் 19 நாள்ல தீந்துச்சு. மருந்தான்னு கேட்டவங்க நாலஞ்சு பேர் இருந்தாங்க, பழைய செய்தி எங்கயோ வாட்ஸ்அப்ல இன்னும் சுத்துது, அத எங்களால நிறுத்த முடியல.

முதல் செய்தியால குழுவுக்கு நஷ்டம்னு மொத்தமா சொல்லிட முடியாது, ரெண்டாவது நிருபர் வந்ததே அத பாத்துத்தான். ஆனா ஜூன்ல சரக்கு கேட்டு கிடைக்காம போன கடைக்காரங்க சிலர் திரும்ப கூப்பிடவே இல்ல. அதுல குழித்துறை கடை ஒண்ணு அக்கா ரொம்ப நாளா பிடிக்க நினைச்சது.

இனி எப்படி

எங்க வேலை ஒப்பந்தத்துல இப்ப ஒரு பத்தி சேத்திருக்கோம்: வேலைய பத்தி பேப்பருக்கோ டிவிக்கோ எது போகணும்னாலும் கிளையண்ட் முழுசா வாசிச்சு, கையெழுத்து போட்ட பிறகுதான். வாசிக்க வராதவங்களுக்கு வாசிச்சு காட்டணும், கேட்டுட்டு வேண்டாம்னா வேண்டாம், அதுக்கு காரணம் கேக்க மாட்டோம்.

சாப்பாட்டுப் பொருள்னா குறிப்புல நோய் பேரே வராது. நல்ல எண்ணத்துல எழுதுன வரி கூட டெஸ்க்ல தலைப்பா மாறும்போது பல்லு முளைச்சு வருது. லேபிள்ல போட தயங்குற வார்த்தைய குறிப்புலயும் போடக் கூடாதுன்னு வச்சிருக்கோம்.

போட்டோ நாங்களே முன்கூட்டி எடுத்து வைக்கிறோம், வேலை செய்றவங்க படம் மட்டும். எங்க படம் அனுப்புறதே இல்ல, அனுப்புனா டெஸ்க் அததான் எடுக்கும், அவங்க மேல தப்பில்ல, குடுத்தது நாம. லேபிள்ல தனி ஆளோட நம்பர் போடுறதையும் விட்டாச்சு, குழுவுக்கு சிம் வாங்கற செலவு ரொம்ப கம்மி, அத முதல் மீட்டிங்லயே சொல்லிடுறோம்.

ஸ்டாக்க பத்தி கேக்கறதும் டிசைனர் வேலையான்னு எங்க கூட்டாளி கேட்டான், எங்களுக்குள்ள இன்னும் அது தீரல. என் அபிப்பிராயம் ஆமாங்கறது. எத்தனை பாக்கெட் இருக்கு, மழை எப்ப, டிரையர் எத்தனைன்னு கேட்டிருந்தா அந்த குறிப்ப சித்திரைலயே குடுத்திருப்போம், இல்லன்னா குடுக்காமலே இருந்திருப்போம்.

போன வாரம் சக்கக்குரு மாவுக்கு, அதாவது சக்கக் கொட்டை மாவுக்கு, லேபிள் கேட்டு அக்கா வந்தாங்க. பேப்பருக்கு குடுக்கணுமான்னு கேட்டேன். முதல்ல அம்பது பாக்கெட் வித்து பாக்கட்டும், ஆளுங்க திரும்ப வாங்கட்டும்னாங்க. மாடல் மட்டும் வரைஞ்சு குடுத்திருக்கோம்.